சாலம்மாளுக்காக நீட்டிய விரல்

கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரில், ஆண்டாள் பிறத்தியாருக்காகப் போய் நிற்காத வரிசையே கிடையாது. ரேஷன் கடையில் ஒரு காலத்தில் ஐந்து வீட்டு அட்டைகளோடு முதல் ஆளாக நின்றவள் அவள். பாழாய்ப்போன கைரேகை மெஷின் வந்து அந்தப் பெருமையைப் பறித்துக்கொண்டது. அந்த மெஷின் மேல் அவளுக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

நாற்பத்தேழு வயது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். கூடத்துச் சாவி அவள் இடுப்பில் இருப்பதால், மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடத்தும் இலவச வைத்தியத்துக்கும் அவள்தான் அதிகாரி. பெஞ்சு போடுவாள், வரிசையை அதட்டுவாள். பேராசிரியர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து சீட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். மற்றதெல்லாம் பிள்ளைகள் பாடு. வாரம் ஒரு மாணவர் கூட்டம் வரும். போன வாரம் பார்த்த முகம் இந்த வாரம் இருக்காது. ஆண்டாளுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று.

அந்த ஞாயிறு, பக்கத்து வீட்டுச் சாலம்மாளுக்குக் குச்சிக்கிழங்கு பிடுங்கும் வேலை. "மாத்தர தீந்துபோச்சு, வாங்கியாந்துடுடி" என்று தன் சர்க்கரை நோட்டை ஆண்டாளிடம் திணித்துவிட்டு ஓடினாள். விரலில் குத்திப் பார்க்காமல் மாத்திரை தரமாட்டார்கள். அதனாலென்ன, விரல் ஆண்டாளிடமும் பத்து இருக்கிறது.

"சாலம்மாள், அறுபத்தொண்ணு வயசு?" நோட்டைப் பார்த்துக் கேட்டாள் எழில்மதி. நான்காம் ஆண்டு மாணவி, அன்றுதான் முதல் தடவை வந்திருந்தாள்.

"வேல செய்யற ஒடம்பு டாக்டரம்மா, வயசு தெரியாது."

ஊசி குத்தியது. ஆண்டாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"போன மாசம் நூத்திநாப்பது. இப்ப முந்நூத்திநாப்பத்திரண்டு! என்ன சாப்பிட்டீங்க?"

ஆண்டாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, சாலம்மாள் மேல். அட்டைக்கு வாங்கும் அரிசி அட்டைக்காரிக்கு. நோட்டில் ஏறும் சர்க்கரை நோட்டுக்காரிக்கு. அவள் கணக்கு அவ்வளவுதான்.

தாகம் எடுக்கிறதா, ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறீர்களா என்று எழில்மதி கேட்டாள். சாலம்மாள் ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறாள் என்று ஆண்டாள் கண்டாளா? தன் கதையையே எடுத்துவிட்டாள். தாகம் ஒரு குடம், எழுந்திருப்பது நாலு தரம். அண்டா சுட்டு இரண்டு மாதமாக ஆறாத குதிகாலையும் நீட்டிக் காட்டினாள். என்னமாய்ச் சமாளிக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

எழில்மதி காலுக்கு மருந்து வைத்துக் கட்டினாள். உள்ளே போய்ப் பேராசிரியரிடம் பேசிவிட்டு வந்து, மாத்திரையை இரண்டு வேளையாக்கிக் கொடுத்தாள்.

ஆண்டாள் நேராகக் கிழங்குக் காட்டுக்கு நடந்தாள். பத்துப் பெண்களுக்கு நடுவே நின்று கத்தினாள். "யக்கா! திருட்டுத்தனமா இன்னாத்த துன்னுக்கினு கீற? முந்நூறத் தாண்டிப் போயிருச்சு! ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!"

சாலம்மாள் கிழங்கைக் கீழே போட்டாள். "ஏன்டி, குத்துனது யாரு வெரல?"

"என் வெரல."

"ரத்தம் யாருது?"

காடே சிரித்தது. ஆண்டாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், பாதிவரை. அதற்குள் கட்டுப்போட்ட குதிகால் ஞாபகத்துக்கு வந்தது. இதே மாதிரி ஆறாத புண்ணுக்குத்தான் தெருக்கோடி வீரமுத்துவுக்கு முழங்காலோடு காலை எடுத்தார்கள். அவனுக்கும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவள் ஆண்டாள்தான். பயம் வந்துவிட்டது.

"இத ரெண்டு வேளையும் முழுங்கியிருந்தா நான் சாஞ்சிருப்பேன்டி" என்று சாலம்மாள் மாத்திரைக் கவரை அவள் கையிலேயே வைத்து அழுத்தினாள். "ஓடு, வேன் கெளம்பிடப் போவுது."

கூடத்து வாசலில் பிள்ளைகள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்டாள் மூச்சிரைக்க எழில்மதியின் முன் போய் நின்றாள்.

"சாலம்மா நான் இல்லம்மா."

எழில்மதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்த மாத்திரைய அவங்க போட்டுட்டாங்களா?"

"இல்ல. தோ, அப்படியே கீது."

எழில்மதி கவரை வாங்கிப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ஆண்டாள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வரவில்லை.

"அப்ப நீங்க யாரு?"

எத்தனையோ வரிசைகளில் எத்தனையோ பேரின் பெயரைத் தடுமாறாமல் சொன்னவள், தன் பெயரைச் சொல்ல இத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள். "ஆண்டாளு."

ஏற்றிய பெட்டியை எழில்மதி இறக்கினாள். புது நோட்டு ஒன்றை எடுத்து மேலே பெயரை எழுதினாள். "இன்னொரு தடவை பார்த்துடலாம், கைய நீட்டுங்க."

ஊசி பட்டதும் ஆண்டாள் போட்ட கூச்சலில் பேராசிரியரே வெளியே எட்டிப் பார்த்தார்.

"காலையில அசையவே இல்லையேக்கா?" என்றாள் எழில்மதி.

"அது சாலம்மா வெரலும்மா" என்றாள் ஆண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இது என்னுது."