பந்தியில் உட்கார்ந்த இரண்டு ரேம்

கல்யாணத்துக்குப் போனால் என் கணவரின் கண் மணமக்களைத் தேடாது, சமையல்கட்டு வாசலைத்தான் தேடும். பந்தியில் அதற்கு மிக அருகிலுள்ள நாற்காலியில் அவர், அவரை ஒட்டி நான். "இங்க உக்காந்தாதான் சூடா வரும், முதல்ல வரும்" என்பார். அடுப்புப் புகையோடு சாப்பிட நானும் பழகிவிட்டேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். மறுநாள் சாயங்காலம் பிரான்சுக்கு, புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிறாள். "கையோட எடுத்துட்டுப் போயிடணும்க்கா. கோயில் வாசல்ல எங்க அப்பா அழுதாரே, அத அங்க போட்டுப் போட்டுப் பாத்துக்குவேன்" என்றாள். சரியாக அந்த அழுகையில்தான் என் கம்ப்யூட்டர் திக்கியது.

கணவர் கடைக்கு ஓடி, கம்ப்யூட்டரின் நினைவகமான ரேம்களில் பழையவற்றுக்குப் பதிலாகப் பெரிதாக இரண்டு வாங்கி வந்து தானே மாட்டினார். போர்டில் நான்கு இடங்கள். பழையவை எந்த இடங்களில் இருந்தன என்று பார்க்காமல், மூளையான பிராசசருக்குப் பக்கத்திலிருந்த முதல் இரண்டில், ஒட்டினாற்போல் செருகினார். "பக்கத்துல இருந்தா சீக்கிரம் போவும்ல?" எனக்கு அப்போதே பந்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டார். சித்தப்பாக்கள் எல்லாம் கும்பிடு பொம்மை அனுப்பினார்கள்.

கம்ப்யூட்டர் முன்பைவிட மோசமானது. என்னுடையதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, படம் காட்டும் வேலையும் ரேமை நம்பித்தான் நடக்கிறது. அந்த அப்பாவின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.

"புதுசு இல்ல? பழகணும்."

ரேம் என்ன மருமகளா, வீட்டுக்குப் பழகுவதற்கு? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன் என்று பயமாகவும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் குழுவில் நாத்தனாரின் குரல் பதிவு வந்தது. பிரான்சில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர். "தம்பி, ஏண்டா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு? அது ஒரே வரிசைடா. ரெண்டுக்கும் சேத்து ஒருத்தன் பரிமாறுறான், அடுத்த வரிசைக்காரன் சும்மா நிக்கிறான். ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடு."

"அக்காவுக்கு என்னா தெரியும், அங்க வேற மாடலு" என்று சொல்லிவிட்டு இவர் குளிக்கப் போனார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். ரேம்களைக் கழற்றி, நாத்தனார் சொன்ன இடங்களில் அழுத்தினேன். போட்டால் திரை கறுப்பு. மாதாவே, கெடுத்துவிட்டேனா? வேண்டிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் வந்தது. அப்பாவின் கண்ணீர் தடங்கலில்லாமல் வழிந்தது, என்னுடையதும்.

ஈரத்தலையோடு வந்தவர் திரையைப் பார்த்தார். "பாத்தியா, பழகிடுச்சு."

இடம் மாற்றியதை அவரிடம் சொல்லாமல் மீதி வீடியோவை முடிக்க உட்கார்ந்தேன். பெண் மறுநாள் வீடியோவோடு பிரான்சுக்குப் போனாள்.

அடுத்த மாதம் கருவடிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். சமையல்கட்டு வாசலருகே வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தவர், எனக்கு எதிர்வரிசையைக் காட்டினார். "நீ அங்க உக்காரு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வரும்." ஆக, நான் ரேமை இடம் மாற்றியது மனுஷனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இவர் வாயிலிருந்து இதற்கு மேல் மன்னிப்பு வராது.

அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். பிடிக்கவில்லை. எழுந்து வந்து அவரை ஒட்டியே உட்கார்ந்துகொண்டேன். பிரியாணி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.