வெதுவெதுப்பான கடலுக்கு ஒரு வாக்கியம்

கடல் நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரங்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதிகளை எழுதும் குழுக்களில் ஒன்றில் நானும் இருக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அக்காவுக்கு இந்த வேலையைப் புரியவைப்பது பெரும்பாடு.

"நம்ம கடல்லேருந்து இன்னும் ஒரு பல்பு எரியலியேடி. அதுக்குள்ள என்ன சட்டம் எழுதுறீங்க?" என்பாள்.

"எரியறதுக்கு முன்னாடியே எப்படி அளக்கறதுன்னு பேசி வெச்சுக்கணும்லா. இல்லேன்னா ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க."

பெரும்பாலும் கணினித் திரையில்தான் கூடுவோம். இங்கே சாயங்காலத் தேநீர் நேரம் என்றால் ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் காலை வேலை தொடங்கியிருக்கும். ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு கூட்டம் முழுவதும் போனதுண்டு.

நான் சேர்க்கச் சொன்னது ஒரு வாக்கியம்தான். இயந்திரத்தின் திறனை அளக்கும்போது, அதன் இறக்கைகளில் கடல் உயிர்கள் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கின்றன என்பதையும் பதிவு செய்யவேண்டும். அவை ஒட்டிக்கொண்டால் இறக்கை சுற்றுவது மந்தமாகி, அளவே மாறிவிடும். குளிர்க்கடல் நாடு ஒன்றிலிருந்து வந்த மூத்த பொறியாளர் ஒவ்வொரு முறையும் அதை மரியாதையாக மறுத்தார். ஆண்டுக்கொரு தடவை சுத்தம் செய்தால் போதும், இது வீண் சுமை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்த கடல் அப்படி.

அந்த ஆண்டு நேரடிக் கூட்டம் கோலாலம்பூரில் நடந்தது. முதல்நாள் ஹோட்டல் வாசலில் அவரே என்னிடம் வந்தார். "நீங்கள் சோதித்துக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

மறுப்பேனா? என் காரிலேயே போர்ட் கிள்ளானுக்குக் கூட்டிப்போனேன். கொள்கலன் லோரிகளுக்கு நடுவில் ஊர்ந்து, ஒருவழியாகப் படகுத்துறையை அடைந்தோம். தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு இருக்கும் பொறியாளர் அங்கே காத்திருந்தார். துறையின் ஓரத்தில் சட்டம் கட்டி, இயந்திரத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தோம். பொங்கல் கழிந்து இறக்கியதை அன்றுதான் முதல்முறையாக மேலே தூக்கினோம். சித்திரை இன்னும் பிறக்கவில்லை.

சங்கிலி ஏற ஏற, கலங்கல் நீரிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்தது.

"மேடம், பிளேடு எங்க?" என்றார் தூத்துக்குடிக்காரர்.

இறக்கைகள் இருந்த இடத்தில் ஒரு பாறை தொங்கியது. சுண்ணாம்புக் கூம்புகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சிப்பிகள், அவற்றின் இடுக்கில் பாசி, பாசிக்குள் நெளியும் புழுக்கள். எல்லாமே ஈரமாக மூச்சுவிடுவதுபோல் மெல்லச் சடசடத்தன. நாங்கள் அனுப்பிய மழமழப்பான உலோகத்தைக் கடல் ஒரு குடியிருப்பாக மாற்றியிருந்தது.

"எங்க ஊர்ல இந்தக் கூம்பைக் கொட்டலசுன்னு சொல்வாங்க. ஆனா இவ்வளவு சீக்கிரமா..." என்றார் அவர்.

விருந்தாளி கேட்டதும் உடனே அழைத்து வந்தது வாதத்தில் ஜெயிக்கத்தான். அந்த நேரத்தில் அது எனக்கு மறந்தே போயிற்று. சிப்பிகள் வளரும் என்று எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். அதன் முன்னால் நின்றபோது எழுதியதெல்லாம் சின்னதாகிவிட்டது.

விருந்தாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். கையை வைத்தார். நகமளவு நண்டு ஒன்று அவர் விரல் வழியாக ஏறி மணிக்கட்டில் நின்றது. அவர் கையை உதறவில்லை.

"என் கடலில் இத்தனை நாளில் மெல்லிய பச்சைப் படலம்தான் இருக்கும்," என்றார். பிறகு, "படம் எடுத்துவிட்டீர்களா? அப்படியானால் இறக்கிவிடுங்கள். வெயில் அவற்றுக்கு ஆகாது," என்றார். நண்டைத் தன் கையாலேயே சிப்பிகளுக்கு நடுவே விட்டார்.

மறுநாள் என் வாக்கியம் திரையில் வந்ததும் அவர் கையைத் தூக்கினார். மறுபடியும் மறுக்கத்தான் என்று நினைத்துக் குறிப்பேட்டைத் திறந்தேன். அவரோ எழுந்து அதைத் திருத்தி வாசித்தார். பதிவு செய்வது நல்லது என்ற அளவில் நான் தயங்கி எழுதியிருந்ததை, பதிவு செய்தே ஆகவேண்டும் என்று மாற்றியிருந்தார். எந்த ஆழத்தில், எந்த வெப்பநிலையில் என்பதையும் சேர்த்திருந்தார். என்னுடையதைவிட நல்ல வாக்கியம் அது.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செய்தியில் அவர்களின் அரசாங்கங்கள் திட்டிக்கொள்வதைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எல்லோரும் திரையில் இருந்த அந்த ஒரு வரியைப் படித்தார்கள். ஒரு கையும் உயரவில்லை. எனக்குச் சிலிர்த்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என் முகத்தைப் பார்த்து உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

அந்த விதி பிறகு வெளியாயிற்று. எழுதியவர்கள் யாருடைய பெயரும் அதில் கிடையாது. நான் ஒருநாளும் போகப்போகாத ஏதோ ஒரு கரையில், முகம் தெரியாத ஒருவர் இயந்திரத்தைத் தூக்கி, அதில் குடியேறியவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.