வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை

என் தங்கை ராஜாத்தி ஜெயித்தவை இவை. ஒன்பது வயதில் ஏரியில் இறங்கி, எங்கள் குப்பத்திலேயே அதிகமாக இறால் பிடிக்கிறவள் என்று பெயரெடுத்தாள். அடித்த புருஷனை ஊரைக் கூட்டி வெளியே அனுப்பினாள். மகள் மாலதியைப் பன்னிரண்டாவது முடிக்க வைத்தாள். உடம்பில் பரவிய படர்தாமரையை ஏழு மாதத்தில் ஒழித்தாள். அந்த ஏழில் மூன்று மாதம் வீணாய்ப் போனது. அது அவள் தப்பில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் எங்கள் பெண்கள் வலை போடுவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். அதனால் சாப்பிட்டுவிட்டு யாரும் இறங்குவதில்லை. சோறு உள்ளே இருந்தால் குமட்டும். விடியலில் ஒரு வரக்காப்பி, பகல் பன்னிரண்டுக்குக் கரையேறிய பிறகுதான் சோறு. அங்கன்வாடி வேலைக்குப் போகும் முன் நானும் அப்படித்தான் இருந்தேன்.

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு அவள் இடுப்பிலும் கைகளிலும் வட்டம் வட்டமாகப் படர்ந்தது. விரலிடுக்கில் தோல் உரிந்தது. ஜனவரியில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். காலையில் ஒரு கேப்சூல், அதற்கு முன் ஒரு கேஸ் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். எப்போது சாப்பிடுவாய் என்று கேட்கவில்லை. அவளுக்குக் காலை என்றால் வரக்காப்பி நேரம். ஒரு நாள் தவறாமல் போட்டாள்.

மார்ச்சில் உள்ளங்கை வெடித்தது. வியாபாரி தாமோதரன் அவள் இறாலை எடுக்க மாட்டேன் என்றார். கூட இறங்கும் பெண்கள் தள்ளிப் போய் இறங்கினார்கள். ஏரியை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. மாலதியைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருஷம் வேறு.

மறுபடியும் அதே டாக்டரிடம் போனோம். காலி அட்டைகளை நான் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டு அட்டை, அட்டைக்கு ஏழு, மொத்தம் எண்பத்து நாலு. மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை.

"காலி அட்டைய எங்க வேணா பொறுக்கலாம்மா. உங்க ஆளுங்க மாத்திரையே போடறதில்ல. போட்டிருந்தா ஏன் ஆறல?"

ராஜாத்தி அட்டைகளை எடுத்துத் திரும்ப என் பையில் போட்டாள். பொய் சொல்லத் தெரியாதவளைப் பொய்க்காரி என்றார், அதுவும் சீட்டைப் பார்த்துக்கொண்டே.

பொன்னேரி மருந்துக்கடையில் ஸ்டீபன் என்ற தம்பி அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு, எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டார். மூன்று மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ராஜாத்தி சொன்னாள்:

"வெறும் வயித்துலதான். பறியக் கடிச்சினு இருக்கிற வாயிக்கு சோறு எங்கர்ந்து? வாந்தி எடுத்தா எறா மேலதான் வரும்."

"அக்கா, இந்த கேப்சூல் கரையறதுக்கு வயித்துல புளிப்பு வேணும், சோறு வேணும். சோறும் இல்ல, புளிப்பையும் கேஸ் மாத்திரை அடக்கிடுச்சி. அப்புறம் எப்படி ரத்தத்துல சேரும்? இதே மருந்து தண்ணியா வந்தா வெறும் வயித்துல குடிக்கணும். கேப்சூல்னா சோத்துமேலதான்."

நீங்களாக எதையும் மாற்றாதீர்கள் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த டாக்டர் மார்கரெட்டிடம் அனுப்பினார். அந்த அம்மா கேஸ் மாத்திரையை நிறுத்தினார். ரத்தம் எடுத்து ஈரலைச் சோதித்தார். அதே கேப்சூலைப் பகல் சோறு சாப்பிட்ட கையோடு போடச் சொன்னார். மருந்து அதேதான், போடும் விதம்தான் மாறியது. மே மாதம் வட்டங்கள் காய்ந்தன. ஜூன் கடைசியில் கை சுத்தமாக இருந்தது. தாமோதரன் கையைக் காட்டச் சொன்னார்.

"எறாவப் பாருண்ணா. கைய இன்னாத்துக்குப் பாக்குற? பொண்ணா பாக்க வந்த?"

அவர் சிரித்துக்கொண்டே எடை போட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எத்தனை பெண்கள் விடியலில் வெறும் வயிற்றில் போட்டு, பொய்க்காரிப் பட்டம் வாங்குகிறார்களோ? கலெக்டருக்கு மனு எழுதினேன். மருந்து உறையில் சோற்றுக்கு முன்னா பின்னா என்று தமிழில் எழுதித் தர வேண்டும்; சாப்பிடும் நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் மருந்து எழுத வேண்டும். ராஜாத்திக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். 'எங்கள் அறியாமையால்' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தினாள்.

"இன்னாக்கா நமக்குத் தெரியல? அந்த டாக்டரு கேக்கல. அத்த அடிச்சிடு."

அடித்தல் இல்லாமல் முழுவதையும் மறுபடி எழுதினேன். கீழே விரல் ரேகை வைக்க மாட்டேன் என்றாள். பொய் சொன்னாள் என்றது என்னைத்தான், என் பேரை நானே போடுகிறேன் என்றாள். மாலதி ஐந்து நாள் எழுதிக் காட்டினாள். திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மை டப்பாவை நீட்டிய ஊழியரிடம் பேனா கேட்டு வாங்கி, என் தங்கை தன் பேரைக் கையெழுத்தாகப் போட்ட முதல் நாள்: 15-07-2024, திங்கட்கிழமை.