குளத்தில் இறங்கிய கேபிள்

தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டு கணினிகள், ஒரு டிஜிட்டைசர் மேஜை, மூன்று பேர். முதலாளி அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். காகித வரைபடத்தை மேஜையில் ஒட்டி, தெருக்களை ஒவ்வொரு கோடாகக் கணினிக்குள் ஏற்றுபவர் மயிலாப்பூர் மாமி ஒருவர். புரோகிராம் எழுதுபவன் நான். நாற்பதைத் தாண்டிய பிறகு கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அது சரியான முடிவுதானா என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு பொறியாளர் வருவதாக இருந்தது. தொலைபேசிக் கேபிள் பதிப்பவர். மயிலாப்பூர்க் கோயிலையும் குளத்தையும் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளில், வீடுகள் இருக்கும் வெளிப்பக்கம் மட்டும் மூன்று மீட்டர் அகலத்துக்குத் தோண்டினால் எந்தெந்த வாசற்படி அடிபடும் என்று அவருக்குத் திரையில் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் நகரம் முழுவதற்குமான வேலை எங்களுக்கு. பிடிக்காவிட்டால் அலுவலகத்தை மூடிவிடுவதாக முதலாளி முந்தின வாரமே சொல்லியாயிற்று. எனக்கு மறுபடி டியூஷன்தான்.

கோட்டை ஒட்டிப் பட்டை போடுவதை பஃபர் என்போம். இரண்டு பக்கமும் போடுவது சுலபம். பஜ்ஜிக்கு வாழைக்காயை மாவில் முக்குவது போல் முக்கி எடுத்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால்தான் வம்பு; வாழைக்காயின் ஒரே பக்கத்தில் மாவு ஒட்ட வேண்டும். கோட்டின் ஒவ்வொரு துண்டையும் பக்கவாட்டில் நகர்த்துவேன். வளைவின் வெளிப்புறத்தில் இடைவெளி விழும், அதை அடைக்க வேண்டும். உட்புறத்தில் துண்டுகள் ஒன்றையொன்று தாண்டிப் போய் முடிச்சு விழும், அதை வெட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கணினிக்கு வீட்டுப்பக்கம், கோயில்பக்கம் எதுவும் தெரியாது. கோட்டின் முதல் புள்ளியில் நின்று கடைசிப் புள்ளியைப் பார்த்தால் இடக்கை எந்தப் பக்கமோ, அதுதான் இடது. அதனால் எல்லாத் தெருக்களையும் வடக்கிலிருந்து தெற்காக, மேற்கிலிருந்து கிழக்காக மட்டுமே ஏற்ற வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதி மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். அந்த விதிப்படி வடக்கு வீதிக்கும் கிழக்கு வீதிக்கும் வெளிப்பக்கம் இடது. தெற்குக்கும் மேற்குக்கும் வலது. அப்படியே கொடுத்து, காலையில் ஓட்டிப் பார்த்தேன்.

வடக்கும் கிழக்கும் சமர்த்தாக வாசற்படிகளின் மேல் படிந்தன. தெற்கு வீதியின் பட்டை கோயில் பக்கம் தாவியது. மேற்கு வீதியின் பட்டை குளத்துப் படிகளில் இறங்கிவிட்டது.

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா வாத்யாரே இது? கொளத்து மீனுக்கெல்லாம் போன் கனெக்‌ஷன் குடுத்துக்கினு கீற?"

புரோகிராமில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எங்கோ இடம் மாறியிருந்தால் நான்கும் தப்பாகியிருக்க வேண்டும். இரண்டு சரி, இரண்டு தப்பு என்றால் எதைத் திருத்துவது? புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன். புளியோதரை டப்பாவைத் திறக்கவில்லை. முதலாளி என் காதில் விழும்படியே ஆதம்பாக்கத்துக்குப் போன் போட்டார்: "அந்த டிஜிட்டைசர் மேஜைய கேட்டுக்கினு இருந்தியே நைனா, இன்னும் வேணுமா?"

மூன்று மணிக்கு வேறு வழி தெரியாமல், நான்கு வீதிகளையும் புதிதாக ஏற்றச் சொல்லி மாமியின் பின்னால் போய் நின்றேன். மவுஸ் வடக்கு வீதியில் மேற்கிலிருந்து கிழக்காகப் போனது. கிழக்கு வீதியில் தெற்காக இறங்கியது. மூலையில் நிற்காமல் அப்படியே மேற்கே திரும்பியது.

"மாமி, நிறுத்துங்க! தெற்கு வீதியை மேற்கேருந்துதானே ஆரம்பிக்கணும்? எழுதி ஒட்டியிருக்கேனே."

"ஒட்டியிருக்கேள். மத்த தெருவெல்லாம் அப்படித்தான் போட்டிருக்கேன். இது மாட வீதியாச்சே! ஸ்வாமி வலது கைப்பக்கம் இருக்க வேண்டாமோ? அப்பிரதட்சிணமா எப்படிப் போறது?"

"நீங்க போகலை மாமி. மவுஸ்தான் போகுது."

"அதைப் பிடிச்சிண்டிருக்கறது நான்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. தெற்கும் மேற்கும் தலைகீழாக ஏறியிருந்தன; அதனால்தான் நான் கொடுத்த 'வலது' கோயில் பக்கம் விழுந்திருக்கிறது.

"அவ்ளோதானா? அந்த ரெண்டு கோட்ட திருப்பிவுடு வாத்யாரே!" என்றார் முதலாளி.

"திருப்பாதேங்கோ, தேர் ரிவர்ஸ்ல போற மாதிரி இருக்கும்!" என்றார் மாமி.

விசைப்பலகை மேல் விரலை வைத்தவன், எடுத்துவிட்டேன். கோயில் எப்போதும் வலது என்றால் வீடுகள் எப்போதும் இடது. நான்கையும் ஒரே வளையமாகச் சேர்த்து, ஒரே ஒரு தரம் 'இடது' என்று சொன்னால் போதும். நான்கு துண்டுப் பட்டைகளாக இருந்தபோது மூலைகளில் தெரிந்த ஓட்டைகளும் தானாக அடைபடும்.

தட்டினேன். பட்டை ஊர்வலம் போல மெல்லக் கிளம்பி, நான்கு மூலைகளையும் திரும்பி, புறப்பட்ட இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. முதலாளி விசில் அடித்தார். அதே நேரம் மாடிப்படியில் பொறியாளரின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் ஒவ்வொரு மூலையாக விரல் வைத்துப் பார்த்தார். "மூலைகூட விட்டுப்போகலையே! சரி, உள்பக்கம் போட்டா?"

'வலது' என்று தட்டினேன். கேபிள் குளத்தில் இறங்கியது.

"மீனுக்கு சார்," என்றார் முதலாளி.

பொறியாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, "அடையாறு மேப்பை நாளைக்கு அனுப்பறேன். ஆரம்பிச்சிடுங்க," என்றார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி ஆதம்பாக்கத்துக்குப் போன் போட்டு, "மேஜையா? எந்த மேஜை?" என்று கேட்டு வைத்துவிட்டார். பிறகு மூன்று பேரும் மாட வீதிக்குக் கிளம்பினோம். மாமியும் நானும் பஸ், அவர் ஸ்கூட்டர். வடக்கு வீதியின் மேற்கு மூலையில் அவர் வண்டியை நிறுத்த, அங்கிருந்தே நடையைத் தொடங்கினோம். பட்டை விழும் இடம் இது, இது என்று நான் இடக்கையை நீட்டிக்கொண்டு நடக்க, பூக்காரிகள் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள். நான்கு கடை தாண்டியிருப்போம். முதலாளி சட்டைப்பையைத் தடவினார்.

"ஐயோ, சாவிய வண்டியிலயே வுட்டுட்டேன்!" என்று திரும்பினார்.

மாமி இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார். "பாதியிலே திரும்பப்படாது. சுத்தி வாங்கோ."

"நாலு கடை பின்னாடிதான் மாமி வண்டி கீது!"

"சுத்தி வாங்கோன்னா சுத்தி வாங்கோ."

முதலாளி ஓடினார். கிழக்கு, தெற்கு, மேற்கு என்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயிலை வலப்பக்கம் வைத்து. நானும் கையை நீட்டியபடியே பின்னால் ஓடினேன். சுற்றி வந்தபோது வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, சாவியோடு.