வண்டுகொல்லியும் அரைஞாண் கயிறும்

முதலில் அது என் இடுப்பில் ஒரு சிவந்த வட்டம். பகல் முழுக்க செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வேர்க்குரு வராதா என்று விட்டுவிட்டேன். ஓரம் எரிய ஆரம்பித்த பிறகுதான் படர்தாமரை (தோலில் பூஞ்சை படர்வதால் வரும் அரிப்பு) என்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் பிறந்தாள். கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும், தூக்காதே என்றார்கள். நியாயம்தான். ஆனாலும் பெற்ற பிள்ளையை வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தொண்டூரிலிருந்து மாமனார் வண்டுகொல்லி இலை (சீமை அகத்தி என்பார்கள்) கொண்டுவந்தார். அரைத்துப் பூசினேன். வட்டம் மங்கியது, சந்தோஷப்பட்டேன். சில நாளில் திரும்ப வந்தது. இலையைத் திட்டித் தீர்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

"இலை மேல பழி போடாதீங்க. பூஞ்சைய அடக்கற சத்து அதுல இருக்குது, ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. ஆனா இவ்ளோ பூசினா இவ்ளோ நாள்ல கேக்கும்னு அளவு கிடையாது. அந்தக் கயித்தத் தூக்குங்க."

தூக்கினேன். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் தோல் ரத்தச் சிவப்பு.

"ஈரம் காயாம இங்கதான் உக்காந்திருக்குது. கயித்த எடுத்துடுங்க. மாத்திரைய நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க. துண்டு தனித்தனி. வீட்ல எல்லாரையும் பாக்கணும்."

கயிற்றை எடுப்பதாவது? எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு அதை அறுப்பது பிணமான பிறகுதான். வீட்டில் சொன்னதும் என் அப்பா, நைனா, எகிறினார்.

"உசுரோட இருக்கறவன் இடுப்புல கத்திரிக்கோலா? இன்னாடா பேசற?"

என் மனைவி செல்வி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "பெத்த புள்ளய தூக்க முடியல. இந்தக் கயித்த வச்சிகினு இன்னா பண்றது மாமா?"

நைனா குழந்தையைப் பார்த்தார். பிறகு கத்திரிக்கோலை எடுத்து என் கயிற்றை அவரே அறுத்தார். அடுத்து தன் வேட்டியைத் தளர்த்தி, தன் கயிற்றையும் அறுத்தார். அவர் இடுப்பிலும் அதே சிவப்பு. நாங்கள் இருவரும் ஒரே துண்டில் துவட்டுகிறவர்கள்.

"எனக்கும் ரொம்ப நாளா இருக்குது" என்றார், எங்கள் முகம் பார்க்காமல்.

இருவரும் மாத்திரை சாப்பிட்டோம். அரிப்பு நின்றதும் போதும் என்று தோன்றும். அங்கேதான் நம்மைப் போன்றவர்கள் ஏமாறுகிறோம், நிறுத்திவிடாதீர்கள். வெறும் இடுப்பு பழகவே நாளானது. குளிக்கும்போது கை தானாகக் கயிற்றைத் தேடும்.

டாக்டரம்மா போதும் என்று சொன்ன அன்று செல்வி குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கி, தலை தொங்கிவிடுமோ என்று பிடரியைத் தாங்கிப் பிடித்தேன்.

"கைய எடு. அவளுக்குக் கழுத்து நின்னு எத்தினி நாளாச்சி" என்றாள் செல்வி.

எடுத்தேன். மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.