மாடு அவிழ்த்து விட்ட ஞாயிறு

எனக்குக் காது இரண்டு. அந்த வருடம் அதில் ஒன்றைத் தொலைபேசிக்கு என்று ஒதுக்கிவிட்டேன். மற்றதுதான் மகளுக்கு.

வன்னியில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. மகளுக்கு ஐந்து வயது. டென்மார்க்கில், இக்காஸ்ட் என்கிற சிற்றூரில் இருந்தோம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை, எனக்குக் கதவு ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் பின்னேர வேலை. ஆகவே காலையில் பிள்ளை என் பொறுப்பு. பேர்ணஹேவ என்கிற அவளுடைய பாலர் பள்ளியில் ஒன்பதரைக்குள் கொண்டுபோய் விட்டால் போதும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அவளைக் குளத்தடிக்குக் கூட்டிப்போவேன். அங்கே ஒரு விளையாட்டுத் திடலும், பக்கத்தில் வேலி அடைத்து ஏழெட்டு ஆடுகளும், இரண்டு கழுதைகளும், ஒரு கூடு நிறைய முயல்களும் இருந்தன. வீட்டில் காய்ந்துபோன பாண் ரொட்டியை டெனிஷ்காரர் பையில் போட்டுக்கொண்டு வந்து ஆடுகளுக்குக் கொடுப்பார்கள். நாங்களும் கொடுத்தோம். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, பெருவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலையும் சேர்த்துக் கடிக்கும் என்று மகள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

நான் கேட்டேனா என்றால், அரைவாசி கேட்டேன். ஒரு கையால் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டு மறு கையால் தொலைபேசியைக் காதில் வைத்திருப்பேன். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர், லண்டனில் இருக்கிற கூட்டாளி, யாரோ ஒருவருடைய மச்சானுக்குத் தெரிந்தவர் என்று எல்லோரிடமும் ஒரே கேள்வி. "அங்காலை ஏதும் கதை வந்ததோ?"

ஒருநாள் நான் சப்பாத்து நாடா கட்டக் குனிந்த நேரம் மகள் தொலைபேசியை எடுத்து முயல்களின் வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டாள். கால் மணி நேரம் தேடினேன். கண்டெடுத்ததும் நான் போட்ட சத்தத்தில் முயல்கள் அத்தனையும் மூலைக்கு ஓடின. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா சின்ன வயதிலேயே என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டா. மகள் அழவில்லை. "முயலும் கதைக்கட்டும் எண்டுதான் வச்சனான்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு ஒரு தங்கச்சி. என்னைவிட ஆறு வயது இளையவள். தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். கலியாணம் பேசினபோதும் என்னிடம்தான் கேட்டாள், பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதும் என்னிடம்தான் கேட்டாள். அவளுக்கும் ஒரே பெண்பிள்ளை, என் மகள் பிறந்த அதே மாதம் பிறந்தவள். நான் நேரில் கண்டதில்லை. அந்த வருடம் தொடக்கத்திலேயே ஷெல் விழுந்து மச்சான் போய்விட்டார். தாயும் பிள்ளையும் இடம்விட்டு இடம் ஓடிக் கடைசியில் கடற்கரையோரம் ஒரு பதுங்குகுழியில் இருந்தார்கள்.

அங்கே இருந்து வெளியில் பேச யாராவது வைத்திருந்த சற்றலைற் போன்தான் வழி. வரிசையில் நிற்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு தடவை. மறுபக்கம் எடுக்காவிட்டால் போன் அடுத்த ஆளின் கைக்குப் போய்விடும். நாங்கள் திருப்பி எடுக்க இலக்கம் ஒன்றும் இல்லை. தங்கச்சி அப்படி இரண்டு முறை எடுத்தாள். இரண்டு முறையும் இங்கே விடியற்காலை.

முதல் தடவை மச்சானின் சாவைச் சொன்னாள். இரண்டாம் தடவை ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணை, சனம் களவாக அங்காலை ஆமிப் பக்கம் போகுது. நானும் பிள்ளையைக் கொண்டு போகட்டோ, நிக்கட்டோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இங்கே கூட்டங்களில் எல்லோரும் சொன்னதைச் சொன்னேன். "பொறு. ரெண்டு கிழமையில சண்டையை நிப்பாட்டிப் போடுவாங்கள். போற வழியில வெடி விழுந்தால் என்ன செய்யிறது? பொறுத்தார் பூமி ஆள்வார். நான் சொல்லேக்க வெளிக்கிடு."

"ஓம் அண்ணை" என்றாள். பிறகு பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள். அந்தக் குரல் நேரே விஷயத்துக்கு வந்தது. "மாமா, எங்கட மாட்டை அவிட்டு விட்டிட்டு வந்திட்டம். அதுக்கு ஆர் தண்ணி வைப்பினம்?" நான் பதில் சொல்ல முதல் லைன் அறுந்துவிட்டது.

இரண்டு கிழமை போய் ஒரு மாதமும் போயிற்று. சண்டை நிற்கவில்லை. நிற்காது என்று எனக்கு விளங்கிவிட்டது. இப்போது அவளிடம் சொல்ல என்னிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. வெளிக்கிடு. அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, அவள் எடுப்பாள் எடுப்பாள் என்று தொலைபேசியோடு திரிந்தேன். குளிக்கும்போதும் அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

இதற்கு நடுவில்தான் மகள் பாலர் பள்ளியில் இருந்து ஒரு அறிவித்தல் கடதாசி கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். குளிர்காலம் முழுக்க இங்கே மாடுகளைக் கொட்டிலுக்குள்தான் வைத்திருப்பார்கள். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பண்ணைக் கதவைத் திறந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் புல்வெளிக்கு விடுவார்கள். அதைப் பார்க்கப் பிள்ளைகுட்டிகளோடு சனம் திரளும். "மாடு ஆடுமாம் அப்பா" என்றாள் மகள். போன வருடமே கூட்டிப்போவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தேன். இந்த வருடம் எத்தனை ஏமாற்று என்று எனக்கே கணக்கில்லை.

அதே ஞாயிறு, போரை நிறுத்தச் சொல்லிக் கோபன்ஹேகனில் ஆர்ப்பாட்டம். விடிய ஏழு மணிக்கு எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தடியில் இருந்து பஸ். மனைவி தான் போவதாகச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் இண்டைக்குப் பிள்ளையோட நில்லுங்கோ. அவளின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

பஸ் போன பிறகும் நாலு பேர் மிச்சம். சங்கத்துப் பொடியன் ஒருவன், அவனும் நாற்பது வயதுக்காரன்தான், என்னைப் பிடித்துக்கொண்டான். காரில் இவர்களை ஏற்றிக்கொண்டு வர முடியுமா என்று எட்டு மணிக்கு ஒருதரம், ஒன்பதரைக்கு ஒருதரம் எடுத்தான். அவன் எப்போதும் தொலைபேசி அட்டை போட்டு எடுப்பவன், அதனால் என் தொலைபேசியில் அவனுடைய இலக்கம் விழாது. இரண்டாந்தரம் எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஒரு நாள். ஒரே ஒரு நாள் என்னை விடு. இனி எடுத்தால் நான் தூக்கமாட்டன்" என்று ஏசிவிட்டு வைத்தேன்.

பண்ணையில் கார் விட இடமில்லாத அளவுக்குச் சனம். மகள் மஞ்சள் ரப்பர் சப்பாத்தோடு ஒவ்வொரு குழிக்குள்ளும் குதித்துக் குதித்து வந்தாள். வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பிள்ளைகள் ஏறி விழ ஒரு மலை கட்டியிருந்தார்கள். அவள் ஏற, நானும் ஏறினேன். மேலே நின்று கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் காற்சட்டைக்குள்ளெல்லாம் வைக்கோல். அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். சிரித்ததும் பயம் வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன் வேலியோரம் போனோம். அவளைத் தோளில் ஏற்றி, இரண்டு கைகளாலும் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். கொட்டிலுக்குள் மாடுகள் கத்துவது கேட்டது. பண்ணைக்காரர் வந்து கதவில் கை வைத்தார். எல்லோரும் சேர்ந்து பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். என் மகளும் தலைக்கு மேலிருந்து எண்ணினாள்.

அப்போது நெஞ்சுப் பையில் தொலைபேசி அடித்தது.

தங்கச்சியாக இருக்குமோ என்று நினைத்தேனா? நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி நினைத்தேன். பிறகு, அவள் விடியத்தானே எடுப்பாள், இது அந்தப் பொடியன்தான் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். கோபமும் சேர்ந்துகொண்டது. எடுக்கிறதென்றால் ஒரு காலையாவது விட வேண்டும். விட்டால் மகள் குனிந்து என் முகத்தைப் பார்ப்பாள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடிக்கட்டும் என்று விட்டேன்.

கதவு திறந்தது. முதல் மாடு வெளிச்சத்தைக் கண்டு திகைத்து நின்றது. பின்னால் வந்தது அதை இடிக்க, அவ்வளவுதான், எல்லாம் பாய்ந்தன. கொழுத்த பால்மாடுகள் பின்னங்கால்களை வானத்துக்கு எறிந்து துள்ளின. ஒன்று நெற்றியால் மண்ணை உழுதது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கத்தினாள், சனம் கைதட்டியது, நானும் கத்தினேன். பிறகு அது நின்றுவிட்டது.

மகளுக்கு ஒரு குவளைப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தேன். இலக்கம் இல்லை. நன்றாக ஏச வேண்டும் என்று பொடியனுக்கு எடுத்தேன். பின்னால் கோஷம் கேட்டது.

"நான் எடுக்கேல்லையே அண்ணை. ஒன்பதரைக்குப் பிறகு நான் உங்களுக்கு எடுக்கவே இல்லை."

மகள் பால்மீசையோடு வந்து, கன்றுக்குட்டி பார்க்கப் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். போனேன். கன்று அவளுடைய விரலைச் சூப்பியது. அவள் கூச்சத்தில் நெளிந்தாள். நான் தொலைபேசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கும் அடிக்கவில்லை, அதற்குப் பிறகும் அடிக்கவில்லை.

அடுத்த நாளே அந்தக் கடற்கரைக்குள் ஆமி வந்துவிட்டது என்று செய்தி வந்தது. அடுத்த மாதம் எல்லாம் முடிந்தது. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். ஐப்பசியில் ஒரு பெண்ணின் தொடர்பு கிடைத்தது. அந்த ஞாயிறன்று போன் வரிசையில் தங்கச்சிக்குப் பின்னால் நின்றவர். நான் கேட்காமலே எல்லாம் சொன்னார்.

"உங்களுக்குத்தான் எடுத்தவா. மணி அடிக்குது, அடிக்குது எண்டு சந்தோசமாச் சொன்னவா. பிறகு, 'அண்ணை வேலையில நிப்பார், நாளைக்கு எடுப்பம்' எண்டு போட்டுப் போனைத் தந்தவா. விடிய நாங்கள் அங்காலை ஓடேக்க வரச்சொல்லிக் கையைப் பிடிச்சு இழுத்தனான். 'நீங்கள் போங்கோ, நான் அண்ணையிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன்' எண்டவா. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனதைத்தான் கண்டனான்."

அதற்குப் பிறகு அவர்களைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணைக்கு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியாது. அன்று ஞாயிறு என்பதே தெரிந்திருக்காது. எனக்காக ஒரு காரணத்தை அவளே கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று யாராவது சொன்னால் இன்றும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மனைவிக்கு நான் சொல்லவில்லை. சொன்னால், பிள்ளையோடு நிற்கச் சொன்னது தான் அல்லவா என்று அவள் உடைந்துபோவாள். மகளைத்தான் தண்டித்தேன். அந்தக் கோடை முழுக்க அவள் குளத்தடி என்றாலும் ஆடு என்றாலும் எரிந்து விழுந்தேன். அடுத்த சித்திரையில் அவள் கடதாசியைக் கொண்டுவந்து ஒட்டியபோது கிழித்து எறிந்தேன். பிறகு கடதாசி கொண்டுவருவதை விட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? இதை நினைத்தால் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். படிப்புக்கு நடுவில் ஒரு வருடம் பாலர் பள்ளி ஒன்றில் வேலை செய்கிறாள். போன சித்திரையில் ஒருநாள் சமையலறையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டே, ஞாயிறன்று தன்னுடைய சின்னப் பிள்ளைகளையும் தாய் தகப்பன்மாரையும் மாடு பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சின்ன வயதில் உனக்கு மிகச் சந்தோசமான நாள் எது என்று அங்கே எல்லோரும் கேட்டார்கள், அப்பா" என்றாள் டெனிஷில். "நான் அந்த நாளைச் சொன்னேன். மாடுகள் எனக்கு அவ்வளவு ஞாபகமில்லை. உங்கள் போன் அடித்தது ஞாபகம் இருக்கிறது. அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள் எடுக்கவே இல்லை. என் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். போனை விட நான் பெரிசு என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"ஆர் அப்பா அண்டைக்கு எடுத்தது?" இதைத் தமிழில் கேட்டாள்.

"வேலையிடத்திலை இருந்து."

அவள் சிரித்தாள். "நல்லகாலம் நீங்கள் எடுக்கேல்லை."

"ஓம்" என்றேன்.