பர்கண்டிச் சரளைப் பாதையில் ஜோசப்பின் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியிருக்கும். கனடாவில், அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் பல் மருத்துவ நிலையத்தில் ஒரு முதியவருக்குப் பல் கட்டுவதற்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தோம். முன்மேசைப் பெண் கதவைத் திறந்து, "சுமதி அன்ரி, நிரோஷா லைன்லை நிக்கிறா. அர்ஜன்டாம்" என்றாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை வாங்கினேன்.

"அன்ரி, அம்மா போயிட்டா."

அஜக்ஸில், மகள் நிரோஷாவின் வீட்டில், தேநீரை ஊற்றிவைத்துவிட்டுக் கதிரையில் இருந்த ஜோசப்பின் அக்கா அப்படியே போய்விட்டார். தேநீர் குடிக்கப்படாமல் இருந்ததாம். முதலில் எனக்கு வந்தது பயம். அழுகை பின்னேரம்தான் வந்தது. அந்தப் பயத்தைப் பற்றியும் அது எப்படிப் போனது என்பதைப் பற்றியும் சொல்லாமல் ஜோசப்பின் அக்காவைப் பற்றி நான் எழுத முடியாது.

மேரி ஜோசப்பின் என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எங்கள் நிலையத்துக்குப் பல் வலியோடு வந்த எவரும் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். மன்னாரிலிருந்து வந்தவர். இருபது வருடங்களுக்கு மேல் முன்மேசையில் இருந்தார். ஒருமுறை, நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் நாற்காலியில் படுத்துக்கொண்டு வாயைத் திறக்கவே மறுத்துவிட்டாள். உடம்பெல்லாம் நடுக்கம். மருத்துவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா முன்மேசையை விட்டு எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பெயர் கேட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கனடாக் குளிர் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். பத்து நிமிடம் போனது. அந்தப் பெண் தானாகவே வாயைத் திறந்தாள். அன்று மதியம் சாப்பிடும்போது அக்கா எனக்குச் சொன்னார்: "வாயைத் திறக்கச் சொல்ல முதல் பேரைக் கேக்கவேணும், சுமதி. பேர் சொல்லவும் வாயைத் திறக்கத்தானே வேணும்."

ஐம்பத்தாறாவது வயதில் அவருடைய இதயத் தசை பலவீனமாகிவிட்டதென்று கண்டுபிடித்தார்கள். மருந்தோடு உடற்பயிற்சியும் செய்யச் சொல்லி, ஓர் அறையில் நிற்பாட்டியிருந்த சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு மாதம் மிதித்தார். "ஒரு இடத்துக்கும் போகாத சைக்கிளை எவ்வளவு நாளைக்கு ஓடுறது?" என்று கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். ரேஸ் சைக்கிள்போல வளைந்த கைபிடி, அதற்குப் பொருந்தாத தடித்த டயர். தாரிலும் ஓடும், சரளைக் கல்லிலும் ஓடும் என்றார்கள். கிராவல் பைக் என்று அதற்குப் பெயர். அவர் வாங்கினார். அடுத்த கோடையில் நானும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காலைப் பூசை முடித்து வந்ததும், அஜக்ஸுக்கு வடக்கே சோளக் காணிகளுக்கு நடுவிலுள்ள சரளை ரோடுகளுக்குப் போவோம். முதல் நாளே நான் விழுந்தேன். ஒரு பெரிய கல்லில் ஏறிவிடக் கூடாதென்று அதையே பார்த்துக்கொண்டு போய் அதிலேயே ஏறினேன். அக்கா என் முழங்காலைத் தண்ணீர்விட்டுக் கழுவியபடி சொன்னார்: "கல்லைப் பாக்காதையும், வழியைப் பாரும். கல்லைப் பாத்தா சில்லும் கல்லுக்குத்தான் போகும்."

பிரான்ஸ் யோசனையும் அவருடையதுதான். பாரிசில் அவருடைய தம்பி இருக்கிறார். அங்கே ஐந்து தடவை போய், ஐந்து தடவையும் கலியாண மண்டபத்தையும் தமிழ்க் கடைகளையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் அக்கா. கடைசித் தடவை லியோனுக்கு ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு ரயிலில் போகும்போது யன்னலால் ஒரு வெள்ளைச் சரளைப் பாதையைக் கண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் புல்வெளி, பாதையில் ஒருவருமில்லை. "அந்த ரோட்டிலை ஆர் போறது எண்டு யோசிச்சனான். பிறகு, ஏன் நான் போகக்கூடாது எண்டு யோசிச்சனான்," என்றார். இதய மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஓம் எண்டவர். மெல்லமாப் போ, மூச்சு வாங்கினா நில் எண்டவர்." நான் நம்பினேன். மருத்துவரிடம் நேரே கேட்கவில்லை. பின்னால் என்னை வாட்டியவற்றில் இது ஒன்று.

போன வருடம் கோடை முடிகிற நேரம் புறப்பட்டோம். பர்கண்டிப் பக்கம், மனிதரைவிட வெள்ளை மாடுகள் அதிகமான ஊர்கள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீற்றர், ஆறு நாள். அந்தப் பாதைகளின் அமைதியை எப்படிச் சொல்வது? டயருக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தமும் எங்கள் மூச்சும்தான். மணிக்கணக்காக ஒரு காரும் வராது. ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்தால் அக்கா அதற்கும் "போன்ஜூர்" சொல்வார்.

இரண்டாம் நாள் தண்ணீர் முடிந்துவிட்டது. கடை எதுவுமில்லை. ஒரு கிழவர் கையைக் காட்டி அனுப்பிய இடம், ஊர் எல்லையிலிருந்த சேமக்காலை. கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அந்த நாட்டில் சைக்கிள்காரர் எல்லாரும் அப்படித்தான் தண்ணீர் எடுப்பார்களாம். எனக்கு மனம் வரவில்லை. செத்த வீட்டுக்குப் போய்வந்தாலே தோயாமல் உள்ளே வராத குடும்பத்தில் வளர்ந்தவள் நான்.

"குடியும் சுமதி, நல்ல தண்ணி."

"இல்லை அக்கா, எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

அவர் இரண்டு போத்தல்களையும் நிரப்பினார். பிறகு குழாய்க்குக் கிட்ட இருந்த கல்லறையின் முன்னால் நின்று அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, அந்த மனிதருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னார். "இனி அவர் எங்களுக்குத் தெரிஞ்ச ஆள். தெரிஞ்ச ஆக்களின்ரை வீட்டிலை தண்ணி குடிக்கலாம்தானே?" என்றார். குடித்தேன். குளிர்ந்த, நல்ல தண்ணீர்.

நான்காம் நாள் திங்கட்கிழமை. அந்த ஊர்ப்பக்கம் திங்களில் பேக்கரிகள் பூட்டு என்பது எங்களுக்குத் தெரியாது. வெறும் வயிற்றோடு, நல்ல வெயிலில், காட்டுக்குள் ஏறும் ஒரு செங்குத்தான சரளைப் பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். பாதி ஏற்றத்தில் அக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் குந்திவிட்டார். உதடு வெளிறிப் போயிருந்தது. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. "அக்கா, என்னைப் பாருங்கோ, என்னைப் பாருங்கோ" என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை. அவரை விட்டுவிட்டு ஓடி ஆளைத் தேடுவதா, பக்கத்தில் இருப்பதா என்று தெரியாமல் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒரு பழைய வெள்ளை வான் கீழேயிருந்து வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு பண்ணைக்காரப் பெண், பக்கத்தில் ஒரு நாய். மூச்சு எடுக்கவே கஷ்டப்பட்ட அக்கா, அந்தப் பெண்ணைக் கண்டதும் முதலில் "போன்ஜூர், மடாம்" என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் பாணும் சீஸும் இனிப்புத் தண்ணியும் தந்து, எங்களையும் சைக்கிள்களையும் வானில் ஏற்றி அடுத்த ஊரில் எங்கள் விடுதி வாசலில் இறக்கிவிட்டார். வழியிலேயே அக்காவின் முகத்தில் நிறம் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

"பசி, வெயில். வேறை ஒண்டுமில்லை. நிரோஷாவுக்கு மட்டும் சொல்லாதையும். சத்தியம் பண்ணும்."

"அக்கா, நான் எப்பிடி..."

"சத்தியம் பண்ணும், சுமதி."

பண்ணினேன். அடுத்த நாள் ஓய்வெடுத்தார். காலையில் ஒரு குளிசையை இரண்டாக உடைத்து ஒரு பாதியை மட்டும் விழுங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "ஏத்தத்துக்குப் பாரம் குறைக்கிறன்" என்று சிரித்தார். கடைசி நாள் கால்வாய்க்கரையோரச் சமதரைப் பாதையில் ஓடி முடித்தோம்.

அதன்பின் அவர் இருந்த மாதங்கள் முழுக்க அந்தச் சத்தியம் எனக்குள் உறுத்தியது. நிரோஷா தாயைக் கூட்டிப்போக நிலையத்துக்கு வரும்போதெல்லாம் நான் கருவிகளைக் கழுவப் போய்விடுவேன். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு அப்படிப் பயம் வந்தது. அன்றே சொல்லியிருந்தால் மகள் வைத்தியம் பார்த்திருப்பாள், அக்கா இருந்திருப்பார் என்று மனம் திரும்பத் திரும்பச் சொன்னது.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, சனம் கொஞ்சம் குறைந்த நேரத்தில், நிரோஷாவை மண்டபத்துக்கு வெளியே கூப்பிட்டேன்.

"நிரோஷா, நான் உமக்கு ஒண்டு மறைச்சுப் போட்டன். பிரான்சிலை அம்மா ஒருநாள்..."

"மலையிலை ஏலாமல் இருந்திட்டா. ஐ நோ, அன்ரி."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்குப் பின்னேரமே அம்மா எனக்குக் கோல் எடுத்தவ. நான் உடனை டொக்டரின்ரை ஒஃபிசுக்கு அடிச்சனான். பிறஷர் குளிசை வெயிலுக்குக் கூடிப்போச்சு, பாதியாக்கச் சொல்லுங்கோ எண்டவை. அடுத்த நாள் ரெஸ்ட் எடுக்கச் சொன்னதும் அவைதான். வந்த உடனை ஸ்கானும் எடுத்தவை, அன்ரி. ஹார்ட் முந்தி இருந்த மாதிரியேதான் இருந்தது. இப்பவும் டொக்டரிட்டைக் கேட்டனான். அம்மா போனது அந்தப் பிரான்ஸ் ரிப்பாலை இல்லை, சைக்கிள் ஓடினதாலைதான் இவ்வளவு காலம் நல்லா இருந்தவ எண்டு கிளியராச் சொன்னவர்."

"அப்ப ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சுமதிக்குச் சொல்லாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ." அவளுடைய கண்ணில் நீர் நிறைந்திருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. "டொக்டர் வரைக்கும் போனது உங்களுக்குத் தெரிஞ்சா நீங்கள் பயத்திலை டிக்கற்றை மாத்திக் கூட்டிக்கொண்டு வந்திடுவீங்களாம். நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சா ரிப் முடிஞ்சுதாம்."

செத்த வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அத்தனை மாதமும் நெஞ்சில் கிடந்த பாரம் அந்த வாசலிலேயே இறங்கிவிட்டது. அன்று வீட்டுக்குப் போய், அவர் போன நாளிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு மத்தியானம். கடைசி நாள், கால்வாய்க்குக் கிட்ட ஒரு பெரிய வாதுமை மரத்தின் கீழே சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுச் சாப்பிட்டோம். அக்கா தலைக்கவசத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு புல்லில் படுத்தவர், பேச்சுக்கு நடுவிலேயே உறங்கிவிட்டார். சப்பாத்து முழுக்க வெள்ளைத் தூசி. ஒரு படகு மெல்லக் கடந்து போனது. நான் உறங்கவில்லை. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டே இருந்தேன். அந்த மத்தியானம் இப்போதும் எனக்கு அடிக்கடி நினைவில் வருகிறது. மரமும் தண்ணீரும் தூசிபடிந்த சப்பாத்தும் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அக்காவும் உறங்குகிறார். நான் பக்கத்தில் இருக்கிறேன், எதையும் எண்ணாமல்.